அப்பா சைக்கிளின் செயின்

செவ்வாய், இரவு

ஆமாம், அப்பாவைக் கேட்காமல்தான் அவர் சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் கழுவினேன். அவர் வேலை செய்யும் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்குப் போடும் கிரீஸை அதில் அப்பியிருந்தார். நிலக்கரித் தூள் ஒட்டி, நேற்று பாதி வழியிலேயே செயின் இறுகிவிட்டது. இன்னொரு முறை ஷிப்டுக்கு லேட்டானால் அப்பாவின் கான்ட்ராக்ட் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மெல்லிய எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்தேன். அப்பா தொட்டுப் பார்த்தார்.

“இன்னாடா, காஞ்சி கெடக்குது?”

“உள்ள எண்ணெய் இருக்குப்பா. வெளிய இருந்தா தூசிதான் ஒட்டும்.”

“காலேஜ வுட்டுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் சைக்கிளிடம் போனார். கொஞ்ச நேரமாகப் பெடலைச் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது.

“டேய், அந்தத் துணிய எங்க வெச்ச? பின்சக்கரப் பல்லுல பழைய கிரீஸ் ஒட்டிக்கினு இருக்குது பாரு.”

கூப்பிடுகிறார். போகணும்.