சில்லைப் பூட்டிவிடு

மார்ச் 4, செவ்வாய்

சுகிர்தனின் பாட்டரிச் சைக்கிளும் போய்விட்டது. என்னைப் போலச் சாப்பாட்டு டெலிவரி ஓடுகிறவன். பரமட்டாவில் ஒரு அடுக்குமாடி வாசலில் பூட்டிவிட்டு மேலே போய்ப் பார்சலைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான், அவ்வளவுதான். அறுத்த பூட்டு மட்டும் நிலத்தில் கிடந்ததாம். போனில் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. நாய்கள். அன்றாடம் ஓடிப் பிழைக்கிறவனின் சைக்கிளில் கை வைக்கிறவனுக்குக் கை எதற்கு?

பின்னேரம் போய்த் தடித்த சங்கிலிப் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். ரஞ்சினி தூக்கிப் பார்த்தாள். "இது சைக்கிளுக்கோ, ஆக்களுக்கோ?"

இரண்டுக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருக்கிற ராகவேந்திராவுக்குப் பாடம் எடுத்தேன். ஓசூர்ப் பெடியன், படிக்க வந்தவன், சனி ஞாயிறில் என்னோடு டெலிவரி ஓடுகிறான். ஒரு நிமிடம் என்றாலும் பூட்டு. சைக்கிளின் பிரேமையும் சேர்த்துக் கம்பியோடு பூட்டு. பாட்டரியைக் கழற்றிக் கையில் கொண்டு போ. எல்லாவற்றுக்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்றான். நல்ல பெடியன், ஆனால் வெகுளி.

மார்ச் 14, வெள்ளி

அடித்துவிட்டேன்.

கோழிக்கடை வாசலில் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்சலைப் பைக்குள் வைக்கிறேன், முகத்தை மூடின ஒருவன் என் சைக்கிளில் பாய்ந்து ஏறுகிறான். நான் பக்கத்தில் நிற்கவே! வீசினேன். மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வடிவாகக் கேட்டது. ஊளையிட்டான். முதுகில் இன்னொன்று போட்டேன். விழுந்தெழும்பி ஓடினான்.

பொய் எழுதக்கூடாது. சந்தோசமாக இருந்தது. உடம்பு முழுக்கச் சந்தோசம்.

ரஞ்சினிக்குச் சொன்னேன். வாழ்த்துவாள் என்று நினைத்தேனோ? "பொலிஸ் ஒரு கேஸ் போட்டா விசா முடிஞ்சுது. உங்கட மட்டும் இல்லை, என்ரையும் பிள்ளையின்ரையும். லோயர் எத்தினை தரம் சொன்னவர்?" வாயை மூடு என்று கத்தினேன். மகள் லக்சிகா எழும்பித் தன் அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

கை இன்னும் துருதுருக்கிறது. இன்னொருவன் வரட்டும்.

மார்ச் 22, சனி

சைக்கிள் போச்சு. ராகவேந்திராவின் முன்பற்களும் போச்சு.

பரமட்டாவில் முன் டயர் காற்றுப் போனது. சில்லைக் கழற்றி இரண்டு பேருமாக டியூப் மாற்றினோம். அதற்குள் கடைக்காரி என் பார்சல் ஆயத்தம் என்று கூப்பிட்டாள். "தம்பி, நீ முன் சில்லைப் பூட்டிவிடு, ஓடி வாறன்" என்றுவிட்டு உள்ளே போனேன்.

வெளியே வந்தால் கம்பியில் சங்கிலி, சங்கிலிக்குள் முன் சில்லு. மிச்சம் இல்லை. யாரோ வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பெடியன் பக்கத்துக் கடையில் தன் பார்சலை வாங்கிக்கொண்டு வருகிறான், கையில் என் பூட்டின் திறப்பு. "நீங்கதானேண்ணா முன் சில்லைப் பூட்டச் சொன்னீங்க? ரெண்டு தடவ இழுத்துப் பாத்துதான் பூட்டினேன்."

என்னோட பகிடி விடுறானெண்டு நினைச்சன். ஹெல்மெட்டால முகத்தில அடிச்சன். விழுந்தவனை மிதிச்சன். எத்தினை தரமெண்டு தெரியாது. "அண்ணா, அண்ணா" எண்டுதான் கத்தினவன். தெருவில் நின்றவர்கள் என்னைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

வீட்டில் ரஞ்சினி முழுதையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். "ஐயோ, அவங்கட ஊரில பூட்டுறதெண்டா பூட்டுப் போடுறது மட்டும்தான், பொருத்துறதில்லை. மாட்டு எண்டு சொல்லியிருக்கோணும். வேலையிடத்தில தமிழ்நாட்டு அக்காவோட நான் படாத பாடே?"

சொன்னதைத்தான் செய்திருக்கிறான். நான் சொன்னதைத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

கதவை யாரும் தட்டவில்லை. ரஞ்சினி காலையில் போனவள், பின்னேரம்தான் வந்தாள். எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

ராகவேந்திரா சாமான் எடுக்க வந்தான். வாய் வீங்கியிருந்தது. யாரோ தெரியாதவன் அடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று பொலிசுக்குச் சொன்னானாம்.

"தம்பி..." என்றேன்.

"தம்பின்னு கூப்பிடாதீங்க. உங்களுக்காகச் சொல்லல. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாரும் பாக்க என் காலப் புடிச்சாங்க."

அவன் போனதும் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தவளிடம் போய்க் கத்தினேன். அவன்ர காலில விழுந்தனியோ! சாப்பாட்டு மேசைக் கதிரையை உதைத்தேன், சுவரில் பட்டு உடைந்தது. ரஞ்சினி அசையவில்லை. "எனக்கும் பிள்ளைக்கும் விசா வேணும். அதுக்குத்தான் விழுந்தனான்."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பெடியன் ஒரு சொல்லைப் பிழையா விளங்கினவன், அவ்வளவுதானே? லக்சிகாவுக்குத் தமிழ் அரைகுறை. நாளைக்கு அவள் ஒண்டைப் பிழையா விளங்கினா?"

அவளை அடிப்பேனா நான்? என் பிள்ளையை? இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 2, புதன்

லக்சிகாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தாயிடம் போய், நான் என்ன சொன்னேனென்று கேட்டுவிட்டுத்தான் கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 12, சனி

ரஞ்சினியும் லக்சிகாவும் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு, ரஞ்சினியின் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறிக்கவில்லை. கைகளைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

மே 13, செவ்வாய்

இன்று விசா நேர்முகம். மூன்று பேரும் வரிசையாக இருந்தோம். குடும்பமாக ஒன்றாகத்தான் இருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முதலே ரஞ்சினி "ஓம்" என்றாள். லக்சிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லபடி முடிந்தது என்று லோயர் என் கையைக் குலுக்கினார்.

திரும்பி வர ஒரே ரயில்தான். அவர்கள் பிளாக்டவுனில் மாறிப் போக வேண்டும். பென்டில் ஹில் வந்து கதவு திறந்தது. நான் எழும்பவில்லை.

"உங்கட ஸ்டேஷன்" என்றாள் ரஞ்சினி.

இறங்கினேன்.