சுவரின் கறுப்பு

ஞாயிறு
ஒருவழியாக வெயில். பாலாற்றுத் தண்ணீர் வீட்டை விட்டுப் போய் ஆறு நாள். பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை, அடுப்புக் கரியாட்டம். நனைந்த மெத்தையைக் கத்தியால் கிழித்துக் குப்பையில் போட்டேன். நாலு குத்து அதிகமாகவே குத்தினேன். நல்லா இருந்தது.

மகள் இனியாவுக்கு இருமல் ஜாஸ்தி. ஆறு வயசுப் பிள்ளை, மூச்சு விட்டால் விசில் சத்தம்.

ஃபேன் ரிப்பேர். ரேஷன் கார்டு தேடணும்.

திங்கள்
அரை நாள் லீவு. கம்பி பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்தேன். மூக்கில் துணிகூட இல்லை. கறுப்புத் தூள் வீடு முழுக்க. இனியா இருமி இருமி வாந்தி.

கௌரி கத்தினாள்: "கேம்ப்புக்கு வந்த நர்சம்மா இன்னா சொன்னாங்க? ஜன்னலத் தொறந்து, மாஸ்க் போட்டு, நனைச்சிட்டுத் தேய்க்கணும், கொழந்தைய உள்ள விடக் கூடாதுன்னாங்களா இல்லியா?"

"பொண்டாட்டி, நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" குண்டானை விட்டெறிந்தேன். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. இனியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாப்பிடவில்லை.

செவ்வாய்
டேனரியில் தோலை ஆசிட் தண்ணியோடு டிரம்மில் போட்டு, மூடியை இறுக்கிச் சுற்ற விடுவோம். இருபது வருஷமாக அதே வேலை. எதையும் மூடி வைத்தால்தான் உள்ளே இறங்கும். அதே புத்தி வீட்டிலும்.

சின்ன கேனில் ஆசிட் எடுத்து வந்தேன். கௌரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். முன்னறை ஜன்னலைச் சாத்தி, நகராட்சி ஆட்கள் சுவரோரம் தூவிய பிளீச்சிங் பவுடர் மேலேயே ஊற்றினேன். "சாவுடா" என்றுகூடச் சொன்னேன், சுவரைப் பார்த்து.

மஞ்சளும் பச்சையுமாகப் புகை. கண் எரிய வெளியே ஓடினேன். இனியா உள்ளறையில் தூங்குகிறாள் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் ஞாபகம். பக்கத்து வீட்டு பாஷா பாய்தான் கடப்பாரையால் பின் ஜன்னலை உடைத்து அவளைத் தூக்கினார். நான் தெருவில் குப்புற, வாந்தி.

புதன்
வேலூர் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொள்வாளாம். நுரையீரல் பழையபடி ஆகுமா, இப்போது சொல்ல முடியாதாம்.

கௌரி வார்டில் எல்லார் முன்னாலும் அறைந்தாள். இன்னும் ரெண்டு கொடுத்திருக்கலாம். "வூட்டுப் பக்கம் வந்தே, கொன்னுடுவேன்." குரலை உயர்த்தவே இல்லை.

சாயங்காலம் இனியா கண் திறந்தாள். ஆக்சிஜன் மாஸ்க் சரிந்திருந்தது. சரி பண்ணக் கையை நீட்டினேன்.

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.