வயிறு தெரியும் முன்னே

12 மார்ச் 1979

இன்றும் முதுகில் மருந்துப் பம்பு ஒழுகியது. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் கிழிந்து, புல்லு மருந்து கைலி வழியாக இறங்கித் தொடையெல்லாம் எரிச்சல். கங்காணியிடம் சொன்னால், "சோப்பு போட்டுக் கழுவு" என்கிறார். பழனியப்பன் கங்காணிக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் சோப்புதான். அவர் வாய்க்குத்தான் சோப்பு போட ஆளில்லை.

பனி மூட்டத்தில், முன்னால் போகிற வேலம்மாகூடத் தெரியவில்லை. அவள் பம்படிக்கிற சத்தத்தை வைத்துக்கொண்டே சரிவில் ஏறினேன்.

வாந்தி வருகிறது. மருந்து வாடையா, வேறா?

15 மார்ச்

வேறுதான். தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. இது மூன்றாவது. முதல் இரண்டும் நிற்கவில்லை.

அத்தையிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் விஜயனின் அம்மா, அம்மாக்கண்ணு. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். லயத்து வீட்டுப் பிள்ளைகளில் பாதி அவர் மடியில் வளர்ந்ததுதான். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அடுத்த நொடியே குரல் இறங்கிவிட்டது.

"வயிறு தெரியிற வரைக்கும் மூச்சு விடாத. கண்ணு பட்டுரும்."

"அதுவரைக்கும் மருந்தடிக்கணுமே அத்தை?"

"நாங்கல்லாம் அடிக்கலையா?"

16 மார்ச்

எஸ்டேட்டிலும் அதே சட்டம்தான். வயிறு வெளியே தெரிந்தால்தான் பம்பை வாங்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்க அனுப்புவார்கள். வீட்டில் சொல்லக் கூடாது, வேலையில் நம்ப மாட்டார்கள். அப்போ நாலைஞ்சு மாசம் அந்தப் பிள்ளை எங்கே இருக்காம்? மூட்டத்திலா?

போன இரண்டு தடவையும், எஸ்டேட் டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் அமிர்தலிங்கம், ரத்தம் பத்தாது என்று சிவப்பு மாத்திரை கொடுத்தார். மாரியம்மனுக்கு வேண்டுதல் பாக்கி என்றார் அத்தை. மாத்திரையும் முழுங்கினேன், பால்குடமும் எடுத்தேன். பம்பைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

19 மார்ச்

நாளைக்குப் பெரட்டில் சொல்லப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். சோற்றுக் கை அப்படியே நின்றுவிட்டது.

"அங்க ஆம்பளைங்கல்லாம் நிப்பாங்களே சாரதா!"

"நிக்கட்டும். அவங்கல்லாம் வானத்துல இருந்தா குதிச்சாங்க?"

விஜயன் சிரித்துவிட்டார். பயத்தோடுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

20 மார்ச்

சொல்லிட்டேன்.

விடியற்காலை, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களம். எல்லோரும் இருந்தார்கள். கங்காணி என் பேரைக் கூப்பிட்டுப் பம்பைக் காட்டினார். நான் நகரவில்லை. "நான் முழுகாம இருக்கேன் கங்காணி. இனி மருந்தடிக்க மாட்டேன். கொழுந்துக்கு அனுப்புங்க."

இருமுகிறவன்கூட இருமலை அடக்கிக்கொண்டான். பெண்கள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்தினார்கள். கங்காணிக்குக் காது சிவந்துவிட்டது. "என்னா பொம்பள நீ? வெக்கமில்ல? டிரசர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா, போ."

போனேன். டிரசர் என் வயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஒன்னுமே தெரியலையேம்மா. என்னன்னு எழுதுறது?"

"காய்ச்சல் மட்டும் வெளிய தெரியுதா ஐயா? அதுக்குச் சீட்டுக் குடுக்குறீங்களே?"

வாய் ரொம்ப நீளம் என்றார். ஆமாம், நீளம்தான். சீட்டு இல்லை. வேலையும் இல்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். அடித்துத் துவைத்தேன்.

28 மார்ச்

வேலை இல்லாமல் வீட்டில். அத்தை என்னோடு பேசுவதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் உப்பும் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போடுகிறார். நெடியில் நானும் அவரும் இருமுகிறோம். எங்களுக்குள் இப்போது பேச்சு அந்த இருமல்தான்.

"ஊரு கண்ணு பூரா இப்ப உன் வயித்துலதான்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

9 ஏப்ரல்

போயிருச்சு.

11 ஏப்ரல்

தேயிலை லோரியில்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி, கையைப் பிடித்து, மருந்து பட்டு வெடித்த நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். மருந்தடிக்கிற வேலை என்றேன். கர்ப்பமாக இருக்கும்போதுமா என்றாள். எதனால் போனது என்று சொல்ல முடியாதாம். ஆனாலும் மறுபடி உண்டானால் அதைத் தொடாதே என்றாள்.

மூன்று பிள்ளை போயிருக்கிறது எனக்கு. என்ன வேலை செய்கிறாய் என்று ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுக்குத்தான் அழுதேன். அவள் வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள்.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. பாயசம் வைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் காளியம்மா, எதிர் லயத்துக்காரி, எங்கள் மருந்து கேங்குதான், வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "ஊரறியச் சொன்னியே சாரதா, அதான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். "சரிக்கா. முன்ன ரெண்டையும் யாருகிட்டயும் சொல்லல. பொத்திப் பொத்தித்தான் வச்சிருந்தேன். அது ரெண்டும் யாரு கண்ணு பட்டுப் போச்சு? சொல்லு. உன் கண்ணா? என் கண்ணா?"

காளியம்மா வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்தாள். எல்லோரும் போன பிறகு அத்தை கதவைச் சாத்தினார்.

"விஜயனுக்கு முன்னாடி எனக்கும் போயிருக்கு" என்றார். "எத்தனைன்னு கேக்காத. உன் மாமனாருக்கே பாதிதான் தெரியும்."

அத்தையும் மருந்தடித்தவர்தான். இரண்டு பேரும் கடுங்காப்பி குடித்தோம்.

21 ஏப்ரல்

வேலம்மா பின்கதவு வழியாக வந்தாள். அவளுக்கும் தள்ளிப்போயிருக்கிறதாம்.

"சொல்லவா, வேணாமா?"

"என்னைப் பாத்த பின்னாடியுமா கேக்குற?"

"உன்னைப் பாத்ததாலதான் கேக்குறேன் லா" என்று அழுதாள்.

என்ன சொல்வது? சொன்னால் தங்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியுமா? "பம்பு தூக்காத. அது ஒன்னுதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

23 ஏப்ரல்

இன்றுதான் வேலைக்குத் திரும்பினேன். பம்பு என் தோளில். பெரட்டில் வேலம்மா தானும் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள், பாதி வார்த்தை காற்றோடு போயிற்று. கங்காணிக்குப் புரிந்துவிட்டது. "இது என்னா, தொத்து வியாதியா? டிரசர் சீட்டு எங்க?"

நான் பம்பைக் கழற்றித் தரையில் வைத்தேன். "அவளுக்குச் சீட்டு வர்ற வரைக்கும் நானும் அடிக்கல."

பக்கத்தில் இன்னொரு பம்பு இறங்குகிற சத்தம். திரும்பினால் காளியம்மா! வெற்றிலை மென்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு ஒவ்வொன்றாக எல்லாப் பம்பும் தரைக்கு வந்தது. கணக்கெழுதுகிற கிராணி, எஸ்டேட் துரையின் பங்களாவுக்கு ஓடினார்.

துரை ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. மழைக்காலம், புல் இடுப்பு வரை நிற்கிறது, ஒரு நாள் வேலை நின்றாலும் அவருக்கு அடி. "ஒரு பொம்பளையைக் கொழுந்துக்கு அனுப்ப இவ்வளவு கலாட்டாவா?" என்று கங்காணியைத்தான் திட்டினார். அடடா! இவருக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது! இத்தனை வருஷமும் இது ஒரு வார்த்தையில் முடிகிற காரியமாகவா இருந்தது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வேலம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள்.

2 டிசம்பர்

வேலம்மாவுக்கு ஆண் பிள்ளை. வயிறு தெரியும் முன்னே ஊருக்கே தெரிந்த பிள்ளை. நல்ல கறுப்பு, நல்ல கத்தல்.

பார்த்துவிட்டு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

8 ஜூன் 1981

தள்ளிப்போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட.

10 ஜூன்

இன்றும் பம்பு தூக்கினேன்.

என்னாடி ஆச்சு உனக்கு சாரதா? ஊரையே நிறுத்தி வச்சுக் கேட்டவதானே நீ? தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் போன தடவை சொன்னேன், போயிருச்சே. ஒருவேளை காளியம்மா சொன்னதுதான் நிஜமோ என்று ஒரு மூலையில் கிடந்து அரிக்கிறது. புத்தி ஒன்று சொல்கிறது, வயிறு வேறு சொல்கிறது. இந்தப் பிள்ளை எனக்கு வேணும். அவ்வளவுதான். வேணும்.

நெத்திலி வறுக்கிற வாடை தாங்காமல் வெளியே ஓடினேன். அத்தை பார்த்தார்.

11 ஜூன்

பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார் கங்காணி. பம்புக்குக் கையை நீட்டினேன்.

"அதைக் குடுக்காத!"

அத்தை. ஆயாக்கொட்டகையில் இருக்க வேண்டியவர், யார் வீட்டுப் பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு களத்து நடுவே வந்து நிற்கிறார். மூச்சு வாங்குகிறது.

"எங்க வீட்டுப் பொண்ணு முழுகாம இருக்கு. ரெண்டு மாசம். கொழுந்துக்கு அனுப்பு."

கங்காணி தடுமாறிப் போனார். "என்னாக்கா, பெரியவங்க நீங்களே இப்படிப் போட்டு உடைக்கிறீங்க? கண்ணு படாதா?"

"பட்டா என் கண்ணாவே இருக்கட்டும் லா. நான்தான் முதல்ல பாத்தேன்."

பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். வேலம்மாதான் என் தோளில் கூடையை மாட்டிவிட்டாள்.

சாயங்காலம் அத்தை எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கொத்து மிளகாயை அடுப்பில் போட்டார். லயமே இருமியது. நான் இருமி இருமிச் சிரித்தேன். அவரும்தான்.

5 ஏப்ரல் 1982

பிள்ளை பெற்ற லீவு முடிந்து இன்று பெரட்டுக்குப் போனேன். பம்பு பிரிக்கும் முன்னால் கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "முழுகாம இருக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" இன்னும் அவருக்குக் காது சிவக்கத்தான் செய்கிறது. பின்வரிசையில் கம்போங் ராஜாவிலிருந்து கல்யாணமாகி வந்த புதுப்பெண் சட்டென்று கை தூக்கினாள். இது காலங்காலமாக இருக்கிற வழக்கம் என்று நினைத்திருப்பாள் போல.

கங்காணி அடுத்து என் பேரைக் கூப்பிட்டார்.

"பால் குடுக்குறவங்களைக் கேக்கலையே கங்காணி?" என்று கை தூக்கினேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். கீழே ஆயாக்கொட்டகையில் ஒரு பிள்ளை வீறிட்டது. என்னுடையதுதான், அந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா? நான் தூக்கிய கையை இறக்கவில்லை.

இன்றைக்குக் கொழுந்துதான் எடுத்தேன்.