அரைச் சுரம்

மார்ச் 3, செவ்வாய். மாலை 6.40. பாட்டு மூன்று, கம்பி நான்கு, தோல் உரிந்த விரல் இரண்டு.

பேஸ் கிதாருக்கு டேப்லேச்சர் என்றொரு தாள் இருக்கும்வரை இசை தெரிய வேண்டியதே இல்லை. நான்கு கோடு, நான்கு கம்பி. கோட்டின் மேல் என்ன எண்ணோ அந்தக் கட்டத்தில் விரல். வயரிங் படம் மாதிரிதான். ஒரே கோளாறு: தாளில் அடியில் இருக்கும் கோடுதான் தடித்த கம்பி. மடியில் வைத்தால் அது மேலே இருக்கிறது. இது தெரியாமல் ஞாயிறு முழுக்கத் தலைகீழாக வாசித்திருக்கிறேன். எந்தப் புத்திசாலி வரைந்தானோ.

அத்தானுடைய ராக் குழுவில் பேஸ் வாசித்தவன் மாற்றலாகிப் போய்விட்டான். 21ஆம் தேதி காபிக் கடையில் அரை மணி நேர நிகழ்ச்சி. டிரம்ஸ் அத்தான், கிதார் நண்பன் ‘கண்ணாடி’, பாட்டு அக்கா. கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு அக்கா பாடப்போவது இதுதான் முதல் தடவை.

"தப்பா வாசிச்சாலும் பரவால்ல மாப்ள, நிறுத்தாம வாசி" என்றார் அத்தான். நான் ஏன் தப்பாக வாசிக்கப் போகிறேன்?

மார்ச் 5

அசல் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தேன். பிசிறே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். தாளத்தோடுதான் தட்டினார்.

மார்ச் 7, சனி

அத்தான் வீட்டு கார் ஷெட்டில் ஒத்திகை. கண்ணாடிக்கு ஆபீஸ், வரவில்லை. முதல் பாட்டை அக்கா தனியாகத் தொடங்குவாள், ஐந்தாவது வரியில் நாங்கள் சேர வேண்டும். கண்ணாடி பதிவு செய்து அனுப்பிய கிதாரைப் போனில் ஒருமுறை கேட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். நான் சேர்ந்தேன். கண்றாவி.

நிறுத்திவிட்டு, சுருதி சரியா என்று விளக்கில் காட்டும் ட்யூனரைப் பார்த்தேன். நாலு கம்பிக்கும் பச்சை. அப்படியென்றால் தப்பு யாருடையது?

"அக்கா, சுருதி கீழ போகுது. இங்க பாரு, பச்சை."

என் சுருதிக்கு ஏறிப் பாடினாள். உச்சத்தில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள். மறுபடியும் அதே இடம்.

"அங்க எட்டலக்கா. முன்னாடி எட்டும்ல?"

"முன்னாடி எட்டும்டா."

மைக்கை அணைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

நான் அளவைத்தானே சொன்னேன்? என் லிஃப்ட் வேலையில் எடை கூடினால் கூடிவிட்டது என்றுதானே தினமும் சொல்கிறேன்? யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மார்ச் 8

அத்தான் போன். "அவ பாடலையாம். வேற ஆளப் பாருங்கன்றா. என்னடா சொன்ன?"

உள்ளதைச் சொன்னேன் என்றேன்.

"உன் வாய டிரம்முக்குள்ள வச்சுத் தோல் கட்டிடறேன் இரு. சனிக்கிழமை வா, நிகழ்ச்சிய விட்டுடலாமான்னு பேசுவோம்."

மார்ச் 10

வாசிக்கவில்லை.

மார்ச் 14, சனி

கண்ணாடி வந்தான். கிதாரை எடுத்ததும் என்னைக் கேட்டான்: "நீயும் அரைச் சுரம் இறக்கிட்டல்ல?"

"எதுக்கு?"

"அக்காவுக்குத்தான்டா. ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப மேல போக வரல. எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் தளர்த்திட்டா, தாள்ல அதே எண், அதே விரல். பாட்டு மட்டும் இறங்கிடும். உனக்கு யாரும் சொல்லலயா?"

இருவரும் அத்தானைப் பார்த்தோம்.

"நான் டிரம் அடிக்கறவன்டா. சுருதி கிருதியெல்லாம் எங்கிட்ட யாரு சொல்றா?"

ஆக, அக்கா சரியாகப் பாடியிருக்கிறாள். நாலு பச்சை விளக்கோடு தப்பாக நின்றவன் நான். சீ — அவ தொண்டையக் கிழிச்சுக்கிட்டு உங்கிட்ட ஏறி வந்தா, அதையும் எட்டலன்னு சொல்லியிருக்க. என்ன ஆளுடா நீ?

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே கிதாரோடு அக்கா வீடு. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல. சுருதி சேக்க வந்தேன்."

"அந்த வார்த்தை உன் வாயில வரவே வராதுல்ல?"

"நீ சரியாத்தான் பாடின. நான்தான் தப்பு."

"எழுதிக் குடு. ஃப்ரேம் போட்டு மாட்டறேன்." சிரிக்கவில்லை.

ட்யூனரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். நீ பாடு, நான் வருகிறேன் என்றேன். வெகுநேரம் துணியையே மடித்தாள். பிறகு தலைநிமிராமல் பாட்டை முணுமுணுத்தாள். கம்பியைத் தளர்த்தினேன். அரைச் சுரம் இறங்கியதும் நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

இன்னும் இறக்கினேன். முழுச் சுரமே இறங்கியாயிற்று.

"கம்பி கொடிக்கயிறு மாதிரி ஆடுதுக்கா."

"ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். அந்த இடத்தைத் தாண்டிப் போனாள். குரல் உடையவில்லை. கையில் ஒரு தலையணை உறை அப்படியே இருந்தது.

பிறகு சொன்னாள்: "அரை பத்தலடா. கண்ணாடி எனக்காக ஏற்கனவே இறக்கியிருக்கான். இன்னும் இறக்குன்னு எப்படிக் கேக்கறது?"

மார்ச் 17, செவ்வாய்

அக்கா குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். மூன்று பாட்டு போதாதாம். நாலாவதாக ஒன்று சொல்கிறாள். செய்ய வேண்டியவை:

1. தடித்த கம்பி வாங்க வேண்டும். இப்போதுள்ளது கட்டத்தில் மோதிக் கிர்ரென்கிறது.
2. நாலாவது பாட்டுக்குத் தாள் தேட வேண்டும். வேகம் அதிகம், விரல் தாங்குமா தெரியவில்லை.
3. கண்ணாடியை இன்னும் அரைச் சுரம் இறக்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் — எனக்குத்தான் அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.