முடிச்சுக்கு நான் சொன்ன பொருள்

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் மேசைமேல் கிடக்கின்றன. எட்டாம் வகுப்புத் தமிழ். 'கவிஞர் தம் தாயை எவ்வாறு நினைவுகூர்கிறார்?' என்று நான்தான் கேள்வி போட்டேன். முதல் தாள் 'தாயின் அன்புக்கு அளவே இல்லை' என்று தொடங்குகிறது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது தாளில் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வகுப்பில் நான் சொன்னதைத்தான் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது. ஆனாலும் கை ஓடவில்லை. எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நீ போய் இந்த மார்கழியோடு ஒரு வருஷம். உன்னிடம் பேசிவிட்டுத்தான் மிச்சத் தாள்களைத் தொட முடியும் போலிருக்கிறது.

உத்திரமேரூர் பள்ளிக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்கு வந்தோம். நான் தமிழ், நீ கணக்கு. மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் பிரிப்போம். அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போய் உன்னைப் படிக்க வைத்தார் என்பது வரைக்கும் சொல்லியிருந்தாய். நான் காவாந்தண்டலத்துப் பெண், நிலபுலம் உள்ள வீடு என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாய். "படி. சிரிக்காத," என்றாய்.

கிழிந்த சேலையின் ஓரத்தால்
என் காலை மரத்தோடு கட்டினாள் அம்மா.
முடிச்சு இறுகியது.
அன்று முழுக்க அவள்
என் முகம் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்னொரு தடவை படித்தேன். நூலக மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை இலக்கியக் கூட்டம் நடக்கும், உனக்கு நினைவிருக்கும். அந்த மாதம் கவிதைக்கு விளக்கம் சொல்லும் முறை என்னுடையது. இதைப் பேசட்டுமா என்று கேட்டேன். நோட்டை வாங்கி மூடிவிட்டு, "பேரு மட்டும் சொல்லாத," என்றாய்.

அன்றைக்கு என்னமாய்ப் பேசினேன். அந்தச் சேலைத் துண்டு தொப்புள்கொடி என்றேன். முடிச்சு இறுகியது பாசம் இறுகியது என்றேன். முகம் பார்த்தால் அழுதுவிடுவாள், அதனால்தான் அந்தத் தாய் பார்க்கவில்லை என்று சொன்னபோது என் குரலே உடைந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் நீ மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய்.

பஸ் நிற்கும் இடம்வரை ஒன்றாக நடந்தோம். "நல்லா பேசினே," என்றாய். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மத்தியானங்களில் உனக்கு வேறு வேலை இருந்தது. நோட்டுத் திருத்த வேண்டும், தலைமையாசிரியர் கூப்பிட்டார், பசியில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன்.

"இன்னா கோவம் எம்மேல?"

"கோவம்லாம் இல்ல."

"அப்புறம்?"

"நீ எங்கம்மாவ ஒரு வாட்டி பாத்துட்டு வா," என்றாய்.

அந்தச் சனிக்கிழமையே போனேன். நீ தேவாலயத்தில் பாட்டுப் பழகப் போயிருந்தாய். உன் அம்மா வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. நான் கவிதையைச் சொல்லி, கூட்டத்தில் நான் பேசியதையும் சொன்னேன். அவர் முறத்தை இடுப்பில் இடுக்கியபடி கேட்டார்.

"பாசமா? அதெல்லாம் இன்னாத்த கண்டேன் டீச்சரம்மா. அறுப்புக்கு ஊர் ஊராப் போவோம். கொயந்தைங்க களத்துல ஓடி நெல்ல மிதிச்சா ஏசுவாங்க. மொத நாளு ஒருத்தி புள்ளய அடிச்சிட்டாங்க. எம் பொண்ணு ஒரு எடத்துல நிக்காது. அதான் கட்டிப் போட்டேன். இறுக்கித்தான் கட்டினேன். கால் தோலு உரிஞ்சிப் போச்சி."

"முகம் பாக்கலன்னு எழுதியிருக்காளே."

அவர் முறத்தை வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் வைத்தார். "புள்ள மேல கோவம். இந்த சனியன் இல்லாங்காட்டி நிம்மதியா ஒரு கட்டு சேத்து அறுப்பேனேன்னு கோவம். அத்த அவ கண்டுக்கினு கீறா பாரு, அந்த வயசுல." குரலில் வருத்தம் இல்லை, ஏதோ ஒரு பெருமைகூட இருந்தது போலிருந்தது.

கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன். "யார் களம் அது?"

"உங்க நைனா களம்தாம்மா. காவாந்தண்டலம். அவளுக்குத் தெரியுமே."

கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். டம்ளரைக் கையில் தராமல், தள்ளிக் கீழே வைத்தார், நானே எடுத்துக்கொள்ளட்டும் என்று. நான் எடுத்துக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "களத்துல புள்ளைங்கள வுட்டா வேல நடக்குமா? ஓரமா கட்டிப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். எல்லாரும் சொல்றதுதான். இன்னாத்துக்கு இப்ப அது?" அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே எதுவும் நினைவில் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் என் முறை இல்லை. ஆனாலும் எழுந்து நின்றேன். போன மாதம் நான் சொன்ன பொருள் தவறு, அந்தத் தாய் பயத்தாலும் கோபத்தாலும் கட்டினாள், அது எங்கள் களம் என்றேன். யாரும் கைதட்டவில்லை. கண் துடைத்த பெரியவர், "கவிதைக்கு ஆளுக்கொரு பொருள் உண்டும்மா, உக்காரு," என்றார். "இதுக்கு இல்லீங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். செய்தி எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. நைனா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நீ சந்தோஷப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாடிப்படியின் கீழே நின்றிருந்தாய்.

"மறுபடியும் எங்கம்மாவுக்கே அர்த்தம் சொன்னே."

"சரியாத்தானே சொன்னேன்?"

"சரிதான். ஆனா அந்தக் களத்துல நீயும் இருந்தே. உன்னுத எப்ப சொல்லப் போறே?"

அப்போதும் உன் குரல் உயரவில்லை. மறுநாள் மத்தியானம் உன் சாப்பாட்டுத் தூக்கோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அதன்பின் நீ வாலாஜாபாத்துக்கு மாற்றலாகிப் போகும்வரை நாம் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அதுவரை நீ அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. மஞ்சள் காமாலை முற்றி உன்னைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டு நான் வந்தபோது, உன் கண் முழுக்க மஞ்சள். என் கையைப் பிடித்து, "உன்னுத எழுதினியா?" என்றாய். "எழுதிக்கினே இருக்கேன்," என்று சொன்னேன். பொய். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நீ போன பிறகுதான் ஆரம்பித்தேன். எனக்கு ஐந்து வயதிருக்கும். நெல் அம்பாரத்தின் மேல் ஏறி ஓடுகிறேன். முழங்கால்வரை நெல்லில் புதைகிறது, உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. நைனா கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிச் சிரிக்கிறார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் சின்ன வயதிலிருந்து அவரைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே நல்ல நினைவு அதுதான். நான் மிதித்ததும் நெல்தானே? என்னை யாரும் ஏசவில்லை.

இதுவரை நான்கு வரி வந்திருக்கிறது. ஐந்தாவது வரியில் நீ வரவேண்டும், களத்து ஓரத்தில், மரத்தடியில். கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். நைனாவின் சிரிப்பு தெரிகிறது, நீட்டிய கைகள் தெரிகின்றன. மரம் தெரியவில்லை. பார்த்ததாக எழுதினால் பொய். 'நான் பார்க்கவில்லை' என்று எழுதினால் அது உண்மை. அந்த உண்மை போதுமா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது.