எலிகளுக்குக் கொடுத்த மருந்து

குழந்தைகள் வார்டு, கிள்ளான்
11 ஜூன் 2024

செல்லத் தங்கை குமுதாவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான், எழுத முடியவில்லை. என் பிள்ளை குகனுக்கு நேற்றுக் காலை வலிப்பு வந்து நாற்பது நிமிடம் நிற்கவில்லை. தொண்டையில் குழாய் போட்டுத் தூங்க வைத்திருக்கிறார்கள். ஏன் இப்படி மீறியது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அவன் பிறந்தநாளன்று நீ சொன்னாயே, "அக்கா, சாதாரணப் பூச்சி மருந்துதான். எங்க ஆய்வகத்து எலிக்கெல்லாம் வலிப்பு நின்னுபோச்சு!" என்று. பள்ளி விடுமுறையில் வயிற்றுப் பூச்சிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதுதானே என்று வாங்கிவந்து தினமும் கொடுத்தேன். ஒரு வாரம் வலிப்பே இல்லை. டாக்டர் கொடுத்த வலிப்பு மாத்திரை அவனைத் தூங்குமூஞ்சியாக்குகிறதே என்று வெள்ளிக்கிழமையோடு அதை நிறுத்திவிட்டேன்.

உன் அத்தானுக்குத் தெரியாது. போனும் அவர் கையில்தான், அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்கா வேலைக்குப் போகும் வழியில் உன்னிடம் தருவார். நீ யாரிடமும் சொல்லிவிடாதே. அந்த மருந்து உடம்பைவிட்டுப் போக எத்தனை நாளாகும் என்று மட்டும் எழுது.

உன் அக்கா
உஷாராணி


பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

என்னை மன்னித்துவிடு. உன் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு வார்டுக்குப் போன் செய்து, என்ன மருந்து, எத்தனை நாள், எதை நிறுத்தினாய் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதைத் தெரியாமல் வைத்தியம் பார்க்க விடமுடியாது, அக்கா.

பிறகு அத்தானிடமும் பேசினேன். மருந்தைக் கொடுக்கச் சொன்னதே நான்தான் என்றேன். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று போனை வைத்துவிட்டார். அவர் கோபம் என்மேல் இருக்கட்டும். பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டியவள் நீ.

அத்தானிடம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நாங்கள் எலிகளுக்கு அந்த மருந்தைத் தனியாகக் கொடுப்பதில்லை. வலிப்பு அரைமணி நேரத்துக்குமேல் நீண்டால் வழக்கமான மருந்து மட்டும் கேட்பதில்லை. அதோடு இதையும் சேர்த்து ஊசியில் போட்டபோதுதான் பாதிக்குமேல் அடங்கின. தனியாகப் போட்டுப் பார்த்தவற்றில் ஒன்றுகூட அடங்கவில்லை. கேக் வெட்டும் சந்தோஷத்தில் நல்ல பாதியை மட்டும் உளறினேன். படித்தவள் என்று பெயர், வாயில் பூட்டு இல்லை.

அன்புடன்
குமுதா


கிள்ளான்
15 ஜூன் 2024

குமுதாவுக்கு,

முதலில் உன்மேல் கொள்ளைக் கோபம் வந்தது. நேற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "நல்லவேளை, தங்கச்சி சொன்னாங்க" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

குகன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். பிறகு, "சித்தியோட எலிங்களுக்குப் பேர் இருக்கா?" என்றான். அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உன்னைப் பற்றிய பேச்சு காதில் விழுந்தாலே அப்படித்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என்னைப்போல் கோழை உண்டா?

உஷா


பிரிக்பீல்ட்ஸ்
18 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

அவன் தண்ணீர் கேட்டான் என்று படித்து, ஆய்வகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

எலிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான் என்று அவனிடம் சொல். பெயர் வைத்தால் எங்களால் வேலை செய்ய முடியாது. அவற்றுக்கு வலிப்பை வரவழைப்பதும் நாங்கள்தானே. நேற்று ஒன்றைக் கையில் எடுத்தேன், அவன் முகம் வந்துவிட்டது. கூண்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

நீ எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். குடும்பம் முக்கியம். அவனைப் பார்க்காமல் இருப்பதுதான் முடியவில்லை.

குமுதா


கிள்ளான்
21 ஜூன் 2024

என் தங்கமே,

குகனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இடது கையில் பிடி இன்னும் வரவில்லை. கரண்டி நழுவுகிறது. பயிற்சி கொடுத்தால் வரும் என்கிறார்கள், வராமலும் போகலாம் என்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உன்மேல் பழி போட்டுவிட்டுச் சோறு தின்ன என்னால் முடியவில்லை.

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீ கொடுக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கொடுத்தேன், மாத்திரையை நிறுத்தியதும் நான்தான் என்று. "அக்காளும் தங்கச்சியும் சேந்து என்னை என்னான்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொல்லு லா. ஸ்டேஷனுக்கு நான் போறேன்" என்றார். உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டார், எதிர்பார்க்காதே.

வேலையை விட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன். இன்னொரு பிள்ளைக்கு நாற்பது நிமிடம் ஆகும்போது டாக்டர் கையில் ஏதாவது இருக்க வேண்டும், குமுதா. எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

அவர் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை, அது எனக்கு வரவேண்டிய கோபம். இத்தனை நாள் நீ வாங்கிக்கொண்டாய். இனி நான் வாங்கிக்கொள்கிறேன். நீ வா.

உன் அக்கா
உஷா