தெலுங்கு எழுத்தில் நீங்கள் எழுதிய தமிழ்

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் கடிதங்கள் அடியில் அப்படியே இருக்கின்றன. ஒன்றைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நீல இன்லேண்டு தெரிகிறது, மடிப்பு தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. சர்க்கரை கண்ணைக் கெடுத்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்று திருப்பதியில் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இதைக்கூடத் தடித்த பேனாவால், பக்கத்துக்கு ஆறேழு வரியாக, கோணல்மாணலாகத்தான் எழுதுகிறேன்.

நிச்சயம் முடிந்த கையோடு நீங்கள் விசாகப்பட்டினத்துக்கு வெல்டர் வேலைக்குப் போனீர்கள். உங்கள் தங்கைக்கு முடியட்டும் என்று நம் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தார்கள். முதல் கடிதம் ஊத்துக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பிரித்தால் முழுக்கத் தெலுங்கு எழுத்து. வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மட்டுமே படித்த ஆந்திரப் பக்கத்துப் பிச்சாட்டூர் மாப்பிள்ளை நீங்கள். பேசுகிற தமிழை உங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவிட்டீர்கள். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பெண்ணுக்கு அது தெரியாதே என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் அப்பா, நைனா. கண்ணாடி மாட்டிக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தார். நாலாவது வரியில் நின்றுவிட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "மீதியெல்லாம் சௌக்கியம்னு எழுதிக்கீறாரும்மா" என்று மடித்துக் கொடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார்.

அந்த மீதியைப் படிக்கத்தான் நான் தெலுங்கு எழுத்தைக் கற்றேன். பஸ் ஸ்டாண்டில் நின்று, ஆந்திரா பஸ் போர்டுகளைப் பார்த்து. சத்தியவேடு, நாகலாபுரம், புத்தூர் என்று மேலே தெலுங்கில் இருக்கும், கீழே தமிழில் இருக்கும். ஒன்றரை மாதம் ஆனது. படித்து முடித்த அன்று, நைனா நிறுத்தியது நல்லதுதான் என்று தெரிந்தது.

நான் தமிழில்தான் பதில் எழுதினேன். உங்கள் அறையிலிருந்த திருத்தணிக்காரர்தான் அவற்றைப் படித்துச் சொன்னார் என்பதைக் கல்யாணம் ஆன பிறகுதான் சொன்னீர்கள். "நல்ல வேள, நீ ஒரு வரிகூட ஆசையா எழுதல" என்று சிரிப்பு வேறு. மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. இந்த மடலும் தமிழில்தான் இருக்கிறது. அங்கேயும் ஒரு திருத்தணிக்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். வீட்டில் டிவி பேசுகிறது, நான் பேச ஆளில்லை. தாங்க முடியாதபோது ஒரு கடிதத்தை எடுத்துப் படிப்பேன், உங்கள் பேச்சு அப்படியே காதில் விழும். கண்ணோடு அதுவும் போயிற்று. யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? பிச்சாட்டூரில் நம் தெருவில் தெலுங்கு படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தமிழும் புரியும். எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்தால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த நம் மகளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு சார் கீறாரும்மா, ராஜமுந்திரிக்காரரு. தமிழ் ஒரு வார்த்த தெரியாது. எழுத்தப் பாத்து வாயால சொல்லி, போன்ல பதிவு பண்ணிக் குடுப்பாரு. நானும் கேக்க மாட்டேன்."

எனக்கு மனசே இல்லை. ஆனால் உங்கள் பேச்சைக் கேட்க வேறு வழியும் இல்லை. போன வாரம் வந்தபோது ஒரே ஒரு கடிதத்தைப் படம் எடுத்துப் போனாள்.

இன்று மத்தியானம் அது போனில் வந்தது. யாரோ ஒரு மனிதர், அர்த்தம் தெரியாமல், எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். உங்கள் குரல் இல்லை. நீங்கள் இழுக்கிற இடத்தில் அவர் இழுக்கவில்லை. ஆனால் பேச்சு உங்களுடையது.

"ஒன்ன நெனச்சிக்கினே தட்டுல கை வெச்சேன், சோறு எறங்கல. நீ துன்னியா?"

"துன்னேன், நீங்க துன்னுங்க" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.